ஒரே வீட்டில் இரண்டு பம்ப்: ஆஸ்துமா மருந்தும் சிஓபிடி மருந்தும் நெஞ்சுக்குள் என்ன செய்கின்றன?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பண்ருட்டிப் பக்கம் கிராமத்தில் முப்பது ஆண்டு முந்திரிக்கொட்டை உடைத்த என் அம்மாவுக்கு 64 வயதில் சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். புகையிலையைத் தொட்டதே இல்லை. ஒன்பது வயது மகளுக்கு ஆஸ்துமா. இருவருக்கும் மூச்சோடு இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்) கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுடையதில் ஃபார்மோடெராலும் கிளைக்கோபைரோனியமும், மகளுடையதில் ஃபார்மோடெராலும் புடசோனைடும் என்று எழுதியிருக்கிறது. அம்மா இரவில் தியோஃபிலின் மாத்திரையும் போடுகிறார். நோய் வேறு என்றால் மருந்தில் பாதி மட்டும் எப்படி ஒன்று? மகளுடையதில் ஸ்டீராய்டு இருப்பதாகப் பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பம்ப் பழகிவிட்டால் ஆயுளுக்கும் விடாதா? அவசரத்துக்கு அம்மாவின் பம்பை மகளுக்கு அடிக்கலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பம்பை மகளுக்கு அடிக்காதீர்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் இரண்டு பம்புகளிலும் உள்ள மூன்று மருந்துகளும் நெஞ்சுக்குள் போய் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும். நான் மருத்துவர் இல்லை. புதுச்சேரியில் 26 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. மருந்து என்ன செய்கிறது, அதை எப்படி எடுக்க வேண்டும் என்று விளக்குவது என் வேலை.

முதலில் மகளின் நோய். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். நூலை இழுத்தால் வாய் சுருங்கும், தளர்த்தினால் விரியும். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை அந்த நூலைப் போன்றது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் போகிப் புகையோ, கொசுவர்த்தியோ, மார்கழிப் பனியோ, பாயை உதறும் தூசியோ பட்டால் அந்த நூல் சட்டென்று இறுகிவிடும். வீசிங் என்று நாம் சொல்லும் அந்த விசில் சத்தம் இறுகிய வாய் வழியே காற்று போகும் சத்தம்தான். ஆனால் நூல் ஏன் இப்படித் தொட்டவுடன் இறுகுகிறது? குழாயின் உட்புறம் ஏற்கெனவே அழன்று, வீங்கி, சளி சுரந்துகொண்டிருப்பதால். ஜலதோஷத்தில் மூக்கின் உட்புறம் எப்படி இருக்குமோ அப்படி. மகள் ஓடியாடி விளையாடும் நல்ல நாளிலும் இந்த அழற்சி கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் திறவுகோல்.

அம்மாவின் நோய் வேறு இடத்திலும் சேதம் செய்திருக்கிறது. நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்றுப்பைகள் நெருக்கமாகப் பின்னிய மீன்வலையைப் போன்றவை. கண்ணிகள் சிறியதாக இருக்கும் வரை பரப்பு அதிகம், ஆக்சிஜன் இரத்தத்தில் ஏற இடம் அதிகம். ஆண்டுக்கணக்கில் உள்ளே போன புகை அந்த வலையைக் கிழித்துவிடுகிறது. நான்கு சிறிய கண்ணிகள் ஒரு பெரிய ஓட்டையாகின்றன. இன்னொரு சேதமும் உண்டு. சின்னக் குழாய்களை நாலாபுறமும் இழுத்துக் கட்டித் திறந்து வைத்திருப்பவையும் இந்தக் காற்றுப்பைகளின் சுவர்கள்தான், பந்தலைக் கயிறு இழுத்து நிறுத்துவது போல. கயிறு அறுந்தால் பந்தல் தொய்கிறது. அம்மா மூச்சை வெளியே விடும்போது குழாய் தொய்ந்து மூடிக்கொள்கிறது, காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. "மூச்சு உள்ளே போகவில்லை" என்று அவர் சொல்வார். பழைய காற்று வெளியேறாததால் புதுக் காற்றுக்கு இடமில்லை என்பதே உண்மை.

புகையிலையைத் தொடாதவருக்கு இது எப்படி வரும் என்று பலர் கேட்கிறார்கள். பீடியும் சிகரெட்டும் பெரிய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் காற்றோட்டமில்லாத சமையலறையில் விறகையும் வறட்டியையும் எரித்துச் சமைத்த பெண்களுக்கும் இதே நோய் வருகிறது, அது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. உங்கள் பக்கத்தில் அதோடு முந்திரித்தோடும் சேர்கிறது. அந்தத் தோட்டின் எண்ணெய் கையில் பட்டாலே தோலைப் புண்ணாக்கும். அதை வறுக்கும்போதும் அடுப்பில் போட்டு எரிக்கும்போதும் எழும் புகை கண்ணையும் தொண்டையையும் எப்படிக் கரிக்கும் என்று அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். "நான் பீடி குடிக்கிறேனா, எனக்கு ஏன் இந்த வியாதி?" என்று என் முன்னால் கண்கலங்கிய பெண்கள் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் தவறு எதுவும் இதில் இல்லை அம்மா.

இரண்டையும் பிரித்தறியும் முக்கியமான சோதனை ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதிப் பார்ப்பது. ஊதிவிட்டு, மூச்சுக்குழாயை விரிக்கும் விரிப்பான் மருந்து கொடுத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். மருந்துக்குப் பிறகு அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமாவின் பக்கம் சாய்வார்கள். மருந்து கொடுத்தும் அடைப்பு நிலைத்து நின்றால் சிஓபிடி. அம்மாவுக்கு இதைச் செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வசதி உண்டு.

இனி மருந்துகள். இரண்டு பம்பிலும் பொதுவாக இருக்கும் ஃபார்மோடெராலின் கதை அட்ரினலினில் தொடங்குகிறது. தெருநாய் துரத்தும்போது நம் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் அடித்துக்கொள்கிறது, ஓடுவதற்கு வசதியாக மூச்சுக்குழாய் விரிகிறது. 1901-இல் ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பின் மருத்துவர்கள் அதை ஆஸ்துமாவுக்கு ஊசியாகப் போட்டார்கள். மூச்சு விரிந்தது, கூடவே நெஞ்சும் படபடத்தது. அடுத்து வந்த ஐசோப்ரினலினுக்கும் இதே குறை. 1960களில் இங்கிலாந்தில் அதன் வீரியம் கூடிய பம்ப் விற்பனையில் இருந்தபோது ஆஸ்துமா மரணங்கள் ஏறின. அட்ரினலின் போய் உட்காரும் பீட்டா ஏற்பிகளில் இரண்டு வகை உண்டு, இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1, மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 என்று 1967-இல் தெளிவானது. இரண்டே ஆண்டில், 1969-இல், டேவிட் ஜாக் குழுவினர் உருவாக்கிய சால்பியூட்டமால் சந்தைக்கு வந்தது. அது பெரும்பாலும் பீட்டா-2 ஏற்பியை மட்டும் நாடுகிறது. ஏற்பியில் மருந்து அமர்ந்ததும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தகவல் மூலக்கூறு பெருகுகிறது, தசை பிடித்திருந்த நூலை விடுகிறது. சில நிமிடங்களில் சுகம், நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை நிற்கும். கை நடுங்குகிறது என்று சிலர் பயப்படுவார்கள். கைத்தசையிலும் பீட்டா-2 இருப்பதுதான் காரணம், சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

ஃபார்மோடெரால் அதே குடும்பத்தின் நீண்டநேர உறுப்பினர். கொழுப்பில் கரையும் தன்மை இருப்பதால் செல்லின் சவ்வில் தங்கி, மெல்ல மெல்லக் கசிந்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறது. ஆனால் தொடங்குவது சால்பியூட்டமாலைப் போலவே வேகமாக, சில நிமிடங்களில். நூலைத் தளர்த்துவது இரண்டு நோய்க்கும் வேண்டியிருக்கிறது, எனவே இரண்டு பம்பிலும் அது இருக்கிறது. ஆனால் அது நூலைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது.

இங்கேதான் மகளுடைய பம்பின் அடுத்த பாதி வருகிறது. புடசோனைடு ஸ்டீராய்டுதான், பக்கத்து வீட்டார் சொன்னது பொய்யில்லை. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பு முறுக்கப் போடும் ஸ்டீராய்டு வேறு. இது நம் அட்ரினல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசோலின் உறவு. செல்லுக்குள் நுழைந்து, தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய், அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. இயோசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் குவிவது குறைகிறது, வீக்கம் வடிகிறது, சளி குறைகிறது. மரபணு மட்டத்து வேலை என்பதால் பலன் தெரியச் சில நாட்களாகும், முழுப் பலனுக்கு வாரங்கள். அடித்தவுடன் எந்தச் சுகமும் தெரியாது. அதனாலேயே நம் மக்கள் இதை நிறுத்திவிடுகிறார்கள். உடனே சுகம் தரும் சால்பியூட்டமாலை மட்டும் வாங்கிப்போகிறார்கள்.

என் மேசைக்கு எதிரே நின்று இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஸ்டீராய்டு பம்ப் வீட்டில் அட்டைப்பெட்டியோடு தூங்கும். சால்பியூட்டமால் மாதம் ஒன்று தீரும். 200 முறை அடிக்கக்கூடிய சால்பியூட்டமால் பம்ப் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் பெரிய மூச்சிழுப்பு வரும் அபாயம் கூடுகிறது. மாதம் ஒன்று தீர்ந்தால் மரண அபாயமே கூடுகிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலை வெளியிடும் ஜினா அமைப்பு 2019 முதல் வாலிபருக்கும் பெரியவருக்கும் ஸ்டீராய்டு இல்லாமல் சால்பியூட்டமாலை மட்டும் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை.

பழகிவிடும் என்ற உங்கள் பயத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு, ஆனால் அதைத் தவறான பம்பின் மேல் சுமத்துகிறார்கள். சால்பியூட்டமாலை மட்டும் நாளெல்லாம் அடித்துக்கொண்டிருந்தால் செல்லின் மேல் இருக்கும் பீட்டா-2 ஏற்பிகள் குறைகின்றன, மருந்து முன்போல் பிடிப்பதில்லை. ஸ்டீராய்டோ அந்த ஏற்பிகளை அதிகமாக உண்டாக்கச் செய்கிறது. அதாவது ஊரார் பயப்படும் மருந்துதான், அவர்கள் நம்பும் மருந்துக்கு வலு சேர்க்கிறது. இரண்டையும் ஒரே பம்பில் வைத்ததில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. மகளுக்கு மூன்று மாதம் இழுப்பே இல்லாமல் போனால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். வளர வளர ஆஸ்துமா அடங்கிவிடும் குழந்தைகளும் உண்டு. மருந்து ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது என்றால் நோய் தொடர்கிறது என்று பொருள்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பெரியவர் ஒருவர் பம்பில் நாளுக்கு 400 மைக்ரோகிராம் புடசோனைடு எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் பம்பை நிறுத்தி, இழுப்பு முற்றி, மருத்துவமனைக்குப் போனால் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம் என்று ஐந்து நாள் கொடுப்பார்கள். மொத்தம் 200 மில்லிகிராம். எடையை மட்டும் பார்த்தால் அது 500 நாள் பம்ப் மருந்துக்குச் சமம். இரண்டின் வீரியமும் ஒன்றில்லை, ஆனாலும் எது உடம்பு முழுவதும் பரவுகிறது, எது நுரையீரலோடு பெரும்பாலும் நிற்கிறது என்பதைப் பாருங்கள். பம்ப் மருந்தில் விழுங்கப்பட்ட பகுதியைக் கல்லீரல் சுமார் 90 சதவீதம் அழித்துவிடுகிறது. வாயில் தங்குவதுதான் தொல்லை: நாக்கில் வெள்ளைப் பூஞ்சை, குரல் கம்மல். ஒவ்வொரு முறையும் அடித்த பின் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். காலையும் இரவும் பல் தேய்ப்பதற்கு முன் அடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் கொப்பளிப்பது மறக்காது.

வளர்ச்சி பற்றிய கேள்வியை மறைக்கக் கூடாது. புடசோனைடு எடுத்த குழந்தைகளை வளரும் வரை தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. மருந்து எடுக்காதவர்களைவிட அவர்களின் இறுதி உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. அதற்காகத்தான் மருத்துவர் மிகக் குறைந்த அளவைத் தேடுகிறார், உயரத்தை அளந்து குறிக்கிறார். இன்னொரு பக்கம், இரவெல்லாம் இருமி, பள்ளிக்குப் போகாமல், ஆண்டுக்கு நான்கு முறை ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கும் குழந்தையும் சரியாக வளர்வதில்லை. என் பேத்தியாக இருந்தால் நான் பம்பைத் தருவேன்.

இப்போது அம்மாவின் பம்பை மகளுக்கு ஏன் அடிக்கக் கூடாது என்பது தெரிந்திருக்கும். அதில் ஃபார்மோடெரால் இருக்கிறது, ஸ்டீராய்டு இல்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு நீண்டநேர விரிப்பானைத் தனியாகக் கொடுத்தால் மேலே சுகமாக இருக்கும், உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் திடீரென்று பெரிய இழுப்பாக வெடிக்கும். ஃபார்மோடெராலின் உறவான சால்மெடெரால் பற்றி 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், அதைச் சேர்த்துக்கொண்ட ஆஸ்துமா நோயாளிகளிடையே ஆஸ்துமா மரணங்கள் கூடுதலாக இருந்தன. அதிலிருந்துதான் ஆஸ்துமாவுக்கு இதை ஸ்டீராய்டு இல்லாமல் தரக் கூடாது என்ற விதி உறுதியானது.

அம்மாவுக்கு மட்டும் ஏன் ஸ்டீராய்டு இல்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். சிஓபிடி அழற்சியில் பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் இருக்கின்றன, அவை ஸ்டீராய்டுக்கு எளிதில் அடங்குவதில்லை. மேலும் சிஓபிடியில் ஸ்டீராய்டு பம்ப் நிமோனியா வரும் அபாயத்தைக் கூட்டுகிறது. எனவே மருத்துவர்கள் இரத்தத்தில் இயோசினோஃபில் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். ஒரு மைக்ரோ லிட்டருக்கு 300-க்கு மேல் இருந்து, அடிக்கடி நோய் முற்றுகிறது என்றால் சேர்ப்பார்கள். 100-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள்.

அம்மாவின் பம்பில் இருக்கும் கிளைக்கோபைரோனியத்தின் கதை நம் வேலியோரத்திலேயே வளர்கிறது. ஊமத்தையின் உலர்ந்த இலைப் புகையை இளைப்புக்கு இழுப்பது நம் நாட்டின் பழைய வைத்தியம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலப் படை அதிகாரி ஒருவர் இதை அறிந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பிறகு ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஊமத்தைச் சுருட்டே விற்றார்கள். அதில் இருக்கும் அட்ரோபின் என்ன செய்கிறது என்றால், மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டு மூச்சுக்குழாயை இறுக்குவதைத் தடுக்கிறது. ஆனால் அட்ரோபின் மூளைக்கும் போய்ப் பிதற்ற வைக்கும், அளவு மீறினால் உயிரையே வாங்கும். யாரும் இன்று ஊமத்தையைக் கையில் எடுக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். வேதியியலாளர்கள் அதே செயலைச் செய்யும் மூலக்கூறில் நைட்ரஜன் அணுவுக்கு நிலையான மின்னேற்றத்தைக் கொடுத்தார்கள். மின்னேற்றம் உள்ள மூலக்கூறு சவ்வுகளை எளிதில் கடக்காது, எனவே பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடும், மூளைக்கு ஏறாது. இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம், உங்கள் அம்மாவின் கிளைக்கோபைரோனியம் மூன்றும் இந்த வகை.

சிஓபிடியில் இது ஏன் முதல் வரிசையில் நிற்கிறது? கிழிந்த வலையை எந்த மருந்தாலும் பின்ன முடியாது. அம்மாவின் குழாய்களில் தளர்த்தக்கூடியது என்று மிஞ்சியிருப்பதில் பெரும்பங்கு இந்த வேகஸ் நரம்பின் இறுக்கம்தான். ஒரு பக்கம் ஃபார்மோடெரால் நூலைத் தளர்த்துகிறது, மறுபக்கம் கிளைக்கோபைரோனியம் நூலை இழுக்கும் கையைத் தடுக்கிறது. மாட்டிக்கொண்ட காற்று கொஞ்சம் வெளியேறுகிறது, நெஞ்சு காலியாகிறது. ஊதிப் பார்க்கும் சோதனையில் எண்கள் சிறிதளவே ஏறலாம். ஆனால் பஸ் நிறுத்தம் வரை நிற்காமல் நடந்தாரா, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து இளைக்கிறாரா என்பதில் வித்தியாசம் தெரியும். வாய் உலர்வது சாதாரணம். கண்ணில் நீரழுத்தம் (கிளாக்கோமா) இருந்தாலும் சிறுநீர் போகச் சிரமம் வந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீரழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து பீட்டா ஏற்பியை மூடிவிடும் வகை. கண்ணில் விட்ட சொட்டு மூச்சை இறுக்குமா என்று கேட்பீர்கள், இறுக்கும். கண் மருத்துவரிடம் நெஞ்சு நோயைச் சொல்லுங்கள்.

மருந்தோடு அம்மாவுக்கு ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுங்கள். ஊதாங்குழலில் அடுப்பை ஊதுவது போல உதட்டைக் குவித்து, மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே ஊத வேண்டும். குவிந்த உதடு உள்ளே காற்றழுத்தத்தை நிறுத்தி, தொய்ந்த குழாய் மூடாமல் பிடித்துக்கொள்கிறது. மூச்சிறைக்கும்போது முன்னால் குனிந்து முழங்காலில் கையூன்றி இதைச் செய்தால் சற்று அடங்கும்.

தியோஃபிலினைப் பற்றி: 1888-இல் ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தது, காபியில் இருக்கும் காஃபீனின் நெருங்கிய உறவு. மலிவு, பல காலமாக நம் ஊரில் புழங்குகிறது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை, அளவு ஏறினால் வலிப்பு கூட வரும். சிப்ரோஃபிளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் உடம்பில் இதன் அளவை ஏற்றிவிடும். வயிற்றுப்போக்குக்கு என்று யாராவது சிப்ரோஃபிளாக்சசின் கொடுத்தால் "அம்மா தியோஃபிலின் போடுகிறார்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பம்பைச் சரியாக அடிக்கப் பழகிய பிறகு இந்த மாத்திரை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதும் நல்லது.

மாண்டெலுகாஸ்ட் என்ற மாத்திரையைப் பிள்ளைகளுக்குப் பலர் கொடுக்கிறார்கள். லூக்கோட்ரையீன் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும், ஸ்டீராய்டு அளவுக்கு வலுவில்லை. சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வருவதால் 2020-இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடும் எச்சரிக்கை சேர்த்தது. இதற்கெல்லாம் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்கு ஓமாலிசுமாப், மெப்போலிசுமாப் போன்ற ஊசிகள் வந்துவிட்டன. விலை அதிகம், உங்கள் மகளுக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

எந்த மருந்தானாலும் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பலன். கடலூர் முதுநகர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் என்னிடம் வந்து, "மூன்று வாரமாகப் போடுகிறேன் அம்மா, ஒன்றும் கேட்கவில்லை" என்று காலி அட்டையை மேசையில் வைத்தார். எப்படிப் போடுகிறீர்கள் என்றேன். "சாப்பிட்டதும் தண்ணீரோடு" என்றார். அவை கருவியில் வைத்துத் துளைத்து, பொடியை மூச்சோடு இழுக்க வேண்டிய கேப்சூல்கள். கருவி பையிலேயே உறை பிரிக்காமல் இருந்தது. அவரை அமர வைத்து, கேப்சூலைச் செருகித் திருப்பி, இழுக்கச் சொன்னேன். உள்ளே கேப்சூல் கடகடவென்று சுழலும் சத்தம் கேட்டதும் அவர் கண்கள் விரிந்தன. அந்தச் சத்தம் கேட்டால்தான் மருந்து போகிறது என்று சொல்லி அனுப்பினேன். எழுதிக் கொடுத்தவரும் விற்றவரும் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் மூன்று வாரம் அவர் இரவில் உட்கார்ந்தே விழித்திருக்க வேண்டியதில்லை.

பொடிக் கருவியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பம்பை அதற்கு நேர் எதிராக, மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பம்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டை இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, முழுதும் இழுத்த பின் பத்து எண்ணும் வரை பிடித்திருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று அடிக்கச் சொல்லுங்கள். வாயோரத்திலோ மூக்கிலோ வெண்புகை தெரிந்தால் மருந்து வீண்.

பம்ப் பிறந்த கதையில் ஒரு சிறுமி இருக்கிறாள். 1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. கண்ணாடிக் குடுவையும் ரப்பர்க் குமிழுமாக இருந்த கருவியால் அலுத்து, தலைமுடி ஸ்பிரே போல இதை ஏன் செய்யக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். மறு ஆண்டே முதல் பம்ப் விற்பனைக்கு வந்தது. அது தெளிக்கும் துகள் ஒன்று முதல் ஐந்து மைக்ரான் இருந்தால்தான் நுரையீரலின் அடியிலிருக்கும் சின்னக் குழாய்கள் வரை போகும், பெரியவை தொண்டையில் மோதி நின்றுவிடும். நேரடியாக வாயில் அடித்தால் பத்து முதல் இருபது சதவீதம்தான் நுரையீரலை அடைகிறது. எனவே பம்புக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவை உங்கள் மகளுக்குக் கட்டாயம். அம்மாவுடையதும் அழுத்தி அடிக்கும் பம்ப் என்றால் அவருக்கும் அது நல்லது. ஸ்பேசர் வாங்க இயலாத நேரத்துக்கு ஒரு வழி: 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை செய்து, சுற்றி நாடா ஒட்டி, பாட்டில் வாயில் வாய் வைத்து இழுக்கலாம். 1999-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வில் இப்படி அடைத்த பாட்டில் குழந்தைகளுக்குக் கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் உலரவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பொடிக் கேப்சூல் என்றால் நம் கடற்கரைக் காற்றின் ஈரம் எதிரி, போடும் நேரம் வரை அட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம். பம்பில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். எண் காட்டும் பம்ப் இல்லையென்றால் தொடங்கிய தேதியை அதன் மேல் எழுதி, நாளுக்கு எத்தனை அடி என்று கணக்கிடுங்கள்.

மகளுக்குத் திடீரென்று இழுப்பு வந்தால் எதை அடிப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலருக்குத் தனியாகச் சால்பியூட்டமால் தருவார்கள், சிலருக்குப் புடசோனைடு ஃபார்மோடெரால் பம்பையே கூடுதலாக அடிக்கச் சொல்வார்கள். பேச்சு முழுதாக வராமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை அவளுக்கென்று எழுதிக் கொடுத்த பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் அளவி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அம்மாவுக்கு 90 காட்டினால் சிலிண்டர் வாங்கி ஓடாதீர்கள். முற்றிய சிஓபிடியில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி மயங்கிவிடுவார்கள். அதனால் மருத்துவமனையிலும் 88 முதல் 92-க்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். எப்போதும் குறைவாகவே இருந்தால் இரத்த வாயுச் சோதனை செய்து தேவையை முடிவு செய்வார்கள். உண்மையில் தேவைப்படுபவருக்கு நாளுக்கு 15 மணி நேரத்துக்கு மேல் கொடுக்கும் ஆக்சிஜன் ஆயுளை நீட்டிக்கிறது. அம்மாவுக்கு ஃபுளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள், நிமோகாக்கல் தடுப்பூசியும் போடுங்கள். கிராமத்து வீட்டில் விறகடுப்பு இன்னும் எரிகிறது என்றால் அதை இந்த வாரமே மாற்றுங்கள், முந்திரித்தோட்டை அடுப்பில் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.

மகளின் பம்பில் அவளுக்குப் பிடித்த ஒட்டுப்படம் ஒன்றை ஒட்டி, இரண்டு பம்புகளையும் வெவ்வேறு அலமாரியில் வையுங்கள். நிறத்தை வைத்து அடையாளம் காண வேண்டாம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சீட்டோடு இரண்டு பம்புகளையும், ஸ்பேசரையும், தியோஃபிலின் அட்டையையும், கண்ணுக்கு ஏதாவது போட்டால் அந்தச் சொட்டு மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். அவர் முன்னால் அம்மா ஒருமுறை, மகள் ஒருமுறை அடித்துக் காட்டட்டும்.